ஒரு போத்தல் ஆறு

“இதுக்குள்ள இருக்கிறது கம்போடியா இல்லை, தங்கச்சி.”

யோகலிங்கம் அந்தப் பிளாஸ்டிக் போத்தலை மேசையில் வைத்தார். அது எழுந்து ஓடிவிடும் என்பதுபோல மூடியின்மேல் ஒரு விரலையும் வைத்துக்கொண்டார்.

லண்டனில், குட்மேய்ஸ் ஹை ரோட்டில் ஒரு மீன் கடைக்கு மேலே இருந்தது அஜந்தாவின் துப்பறியும் அலுவலகம். படியேறி வருகிறவர்கள் முதலில் மூக்கைப் பொத்துவார்கள், பிறகுதான் பிரச்சினையைச் சொல்வார்கள். யோகலிங்கம் மூக்கைப் பொத்தவில்லை. அவ்வளவு கோபம்.

அஜந்தாவின் உதவியாளன் கௌசிக் குனிந்து போத்தலைப் பார்த்தான். நீல மூடி. பாதி கிழிந்த லேபிளில் ஜிலேபி மாதிரி சுழித்த கம்போடிய எழுத்துகள். உள்ளே பளிங்கு போலத் தண்ணீர்.

“காலையில தண்ணி கேஸ்னு சொன்னீங்களேக்கா. எங்க திருச்சியில அதுக்கு வேற அர்த்தம். நான் சோடாகூட வாங்கி வெச்சுட்டேன்.”

“நீர் கொஞ்சம் பேசாமல் இரும்,” என்றாள் அஜந்தா. “அண்ணை, முதல்ல இருந்து சொல்லுங்கோ.”

யோகலிங்கம், ஹை ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சிவன் கோயிலின் செயலாளர். நாளைக் காலை அங்கே கும்பாபிஷேகம். அதற்காகப் பல ஆறுகளின் தண்ணீரைச் சேர்த்திருந்தார்கள். அவற்றில் அபூர்வமானது இந்தப் போத்தல்தான். கம்போடியக் காட்டுக்குள் கபால் ஸ்பியன் என்று ஓர் இடம். ஆற்றின் அடிப்பாறையிலேயே ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் வரிசை வரிசையாக லிங்கங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆறு அவற்றின்மேல்தான் ஓடும். போன டிசம்பரில் கோயிலில் இருந்து ஒரு குழு அங்கே போய்வந்தது. அதில் ஒருவரான டாக்டர் முருகேசன், ஒரு போத்தலில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்துவந்து தைப்பொங்கலன்று யோகலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

“அண்டைக்கே மஞ்சள் துணியில சுத்தி என்ர வீட்டுச் சாமியறைக்குள்ள வச்சிட்டன். நேற்றுத்தான் அவிழ்த்தனான். மூடியைத் திறந்தால் குழாய்த் தண்ணி மணக்குது. நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில நிக்கிற மாதிரி.”

“அதுக்காக டொக்டர் பொய் சொல்லுறார் எண்டு எப்பிடிச் சொல்லுவியள்?”

“கூடப் போன ஆக்களே சொல்லுகினம், தங்கச்சி. அவருக்கு முழங்கால் வருத்தம். மலை ஏறேக்க பாதி வழியில ஒரு கல்லில குந்தினவராம். இவை ஆத்தைப் பாத்திட்டுத் திரும்பி வரேக்கயும் அதே கல்லிலதான் இருந்தவராம். எழும்பவே இல்லை. பிறகு எந்த ஆத்தில தண்ணி பிடிச்சவர்? நான் கோயில் வாட்ஸாப் குறூப்பில ஒரு வொயிஸ் மெசேஜ் போட்டிட்டன். சாமியையே ஏமாத்தின மனுசன் எண்டு.”

“போட்டுட்டுத்தான் இங்க வந்தீங்களா அங்கிள்?” என்றான் கௌசிக். “தீர்ப்பு எழுதிட்டு சாட்சி தேடுறீங்க.”

யோகலிங்கம் அவனைப் பார்த்த பார்வையில் போத்தல் தண்ணீரே கொதித்திருக்கும். ஆனால் அஜந்தா அதை அடுப்பில்தான் கொதிக்க வைக்கச் சொன்னாள். கௌசிக் கொஞ்சம் தண்ணீரை எவர்சில்வர் சட்டியில் ஊற்றி, மூலையில் இருந்த மின்சார அடுப்பில் வைத்தான். தண்ணீர் குமிழியிட்டது, குறைந்தது, காணாமல் போனது. சட்டியின் அடியில் வெள்ளை வெளேரென்று ஒரு படிவு.

“இது எங்க வீட்டு கெட்டில்லயும் இருக்கே,” என்றான் கௌசிக். “அப்ப நான் தினமும் காலையில கம்போடியாவைத்தான் காபி போட்டுக் குடிக்கிறேனா?”

“லண்டன் தண்ணியில சுண்ணாம்பு கூட. எல்லாற்ற கெட்டிலுக்குள்ளயும் படியிறது இதுதான். காட்டு மலையில இருந்து வழியிற மழைத் தண்ணி இப்பிடிப் படியாது,” என்றாள் அஜந்தா. “இது இங்கத்தைக் குழாய்த் தண்ணிதான்.”

யோகலிங்கம் எழுந்துவிட்டார். “இவ்வளவும் காணும், வேற சாட்சி தேவையில்லை. இதையே நாளைக்கு வந்து சனத்துக்கு முன்னால சொல்லுங்கோ.”

“இருங்கோ அண்ணை. தண்ணி லண்டன் எண்டுதான் சட்டி சொல்லுது. ஊத்தினது ஆர் எண்டு சொல்லேல்லை. போத்தல் என்னட்ட இருக்கட்டும்.”

*

டாக்டர் முருகேசனின் வீடு செவன் கிங்ஸ் ஸ்டேஷனுக்குப் பின்புறம். நடக்கிற தூரம்தான். மே மாதத்து வெயில் லண்டனுக்குப் பழக்கமில்லாத உற்சாகத்தோடு அடித்துக்கொண்டிருந்தது. வீடுகளுக்கு முன்னால் இருந்த புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது.

“அக்கா, இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? மனுஷன் மலை ஏறல. வெறும் கையோட வந்தா அசிங்கம்னு நம்மூர்க் குழாயைத் திறந்துட்டார்.”

அஜந்தா பதில் சொல்ல அவசரப்படவில்லை. இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் அவள் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பயண இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கிற வேலையில் இருந்தவள். போகாத நாடுகளில் தொலைக்காத பெட்டிகளைப் பற்றி ஜனங்கள் கண்ணீரோடு சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டுக் காது தேய்ந்தவள்.

“ஒரு இடத்துக்குப் போகாதவன் காட்சியைப் பற்றிக் கதைப்பான் கௌசிக். படத்தில பாத்திருப்பான். போய்வந்தவன் செருப்பைப் பற்றிக் கதைப்பான். இப்ப நீர் போத்தலைப் பையைவிட்டு வெளியில எடுக்கக் கூடாது. விளங்குதோ?”

“செருப்பு. சரி.”

கதவைத் திறந்தவள் டாக்டரின் மகள் ஓவியா. துப்பறியும் நிறுவனம் என்று கேட்டதும் முகம் இறுகியது. “அந்த மெசேஜைக் கேட்டதுல இருந்து அப்பா வீட்டைவிட்டு வெளியே வரல. திங்கக்கிழமை மதுரைக்குப் போறேன், இனி லண்டன் பக்கமே வர மாட்டேன்னு சொல்றார். இன்னும் என்ன விசாரிக்கணும் உங்களுக்கு?”

“அவர் சொல்லுறதை நான் கேக்கோணும், பிள்ளை. இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லைப் போல இருக்கு.”

ஓவியா கொஞ்சம் யோசித்துவிட்டு வழிவிட்டாள்.

முருகேசனுக்கு எழுபதை எட்டும் வயது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டராக லண்டன் ஆஸ்பத்திரிகளில் இருந்து ஓய்வு பெற்றவர். சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது முழங்காலில் பட்டை. பக்கத்தில் பாதி அடுக்கிய சூட்கேஸ்.

“நான் ஏறினேன்னு சொன்னா நம்புவீங்களா?” என்றார்.

“எப்பிடி ஏறினீங்கள் எண்டு சொல்லுங்கோ, டொக்டர்.”

“கஷ்டப்பட்டுத்தான். பாதைன்னா பாதை இல்லம்மா அது. மரத்து வேர்தான் படி. ஒரு வேர்ல காலை வெச்சா அடுத்த வேர் இடுப்பு உசரத்துல இருக்கும். என் ஷூ வேற புதுசு. பொண்ணு வாங்கிக் கொடுத்தது. குதிகால்ல கடிச்சு ரத்தமே வந்துடுச்சு.”

கௌசிக் மெல்ல அஜந்தாவின் பக்கம் திரும்பி, உதட்டை மட்டும் அசைத்தான். செருப்பு.

“பாதி வழியில முடியல. ஒரு கல்லு மேல உக்காந்துட்டேன். நீங்க போங்கன்னு எல்லாரையும் அனுப்பிட்டேன். அவங்க மேல போய் ஆத்தைப் பார்த்துட்டு, வேற பாதையில அருவிக்கு இறங்கிட்டாங்க. கீழ இருந்து குளிக்கிற சத்தம் கேட்டுச்சு. இவங்க இப்போதைக்கு வர மாட்டாங்கன்னு தெரிஞ்சுது. ஷூவைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டேன். வெறுங்கால்ல ஏறினேன். சில இடத்துல நாலு கால்ல ஏறினேன்னு வெச்சுக்கங்களேன்.”

“திரும்பி வரேக்க?”

“மெதுவா இறங்கிவந்து அதே கல்லுல உக்காந்து ஷூவை மாட்டிட்டிருந்தேன். அவங்க வந்தாங்க. ‘அங்கிள் இங்கயே இருக்கார்’னு சிரிச்சாங்க. போன் ஹோட்டல்லயே மறந்துபோச்சு, ஒரு போட்டோகூடக் கிடையாது. நானும் ஒண்ணும் சொல்லல.”

“ஏன் சொல்லேல்லை?”

முருகேசன் ஜன்னல் பக்கம் பார்த்தார். “அங்க நடந்தது… அதை விடுங்கம்மா. வேற கேளுங்க.”

அஜந்தா அதை விட்டுவிட்டாள். “தண்ணியை எங்க பிடிச்சனீங்கள்?”

“லிங்கம் செதுக்கின இடத்துக்குக் கொஞ்சம் கீழ தள்ளி. அங்க ஆழமே இல்ல, உள்ளங்கை உசரம்தான். பாட்டிலைப் படுக்க வெச்சுத்தான் பிடிக்கணும். அதனால மணலும் கொஞ்சம் உள்ள வந்துடுச்சு. ஒரு சிட்டிகை இருக்கும். இளஞ்சிவப்பு மணல். வடிகட்டலாமான்னு யோசிச்சேன். அதுவும் அந்த ஆறுதானேன்னு விட்டுட்டேன். பாட்டிலை ஆட்டினா சாம்பிராணிப் புகை மாதிரி எழும்பும், அப்புறம் படியும். பிளேன்ல வந்ததும் பெட்டியைத் திறந்து முதல்ல அதைத்தான் பார்த்தேன்.”

அஜந்தா கௌசிக்கைப் பார்த்தாள். அவன் பையில் இருந்து போத்தலை எடுத்து நீட்டினான்.

முருகேசன் வாங்கி லேபிளைத் தடவினார். ஆட்டினார். வெளிச்சத்தில் பிடித்தார். கவிழ்த்துப் பார்த்தார். புகையும் இல்லை, மணலும் இல்லை.

“பாட்டில் என்னுதுதான்,” என்றார். “தண்ணி என்னுது இல்ல.”

*

வெளியே வந்ததும் கௌசிக் தலையைச் சொறிந்தான். “பாவம். தன் வாயாலயே மாட்டிக்கிட்டாரே அக்கா. மணல் இருக்குன்னார். பாட்டில்ல மணல் இல்ல.”

“அதாலதான் அவர் பொய் சொல்லேல்லை.”

“எப்படி?”

“நீர் ஒரு போத்தலில குழாய்த் தண்ணியை நிரப்பி ஆத்துத் தண்ணி எண்டு குடுத்திட்டீர். ஆரோ விசாரிக்க வருகினம். போத்தலுக்குள்ள மணல் இல்லையெண்டு நிரப்பின உமக்குத் தெரியும். பிறகு மணலைப் பற்றி ஏன் வாயைத் திறப்பீர்?”

கௌசிக் நடப்பதை நிறுத்தினான். “அப்ப அவர் கொடுக்கும்போது மணல் இருந்திருக்கு. அதுக்கப்புறம் யாரோ தண்ணியை மாத்தியிருக்காங்க. ஆனா பாட்டில் பொங்கல்ல இருந்து ஒரே இடத்துலதானே இருந்துச்சு…”

“ஓம். எங்கட கட்சிக்காரற்ற சாமியறையில.”

“அக்கா, நம்மளைக் கூப்பிட்ட ஆள் வீட்டுக்கே துப்பறியப் போறோமா?”

“கெதியா நடவும்.”

*

யோகலிங்கம் அவர்களைச் சந்தோஷமாக வரவேற்றார். வெற்றிச் செய்தி வருகிறது என்று நினைத்திருந்தார். சாமியறை என்பது மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரி. திறந்து காட்டினார். விளக்குகள், குங்குமச் செப்பு, சாமிப் படங்கள் எல்லாம் கண்ணாடி போலப் பளபளத்தன.

“கும்பாபிஷேகம் எண்டு மனிசி எல்லாத்தையும் இறக்கித் துடைச்சவ,” என்றார் பெருமையாக.

அவர் மனைவி பாலாம்பிகை சமையலறை வாசலில் நின்றிருந்தார். ஒல்லியான பெண்மணி. “தேத்தண்ணி போடுறன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

“வாங்கோ, பின்னால இருந்து கதைப்பம்,” என்று யோகலிங்கம் கண்ணாடிக் கூரை போட்ட பின்னறைக்கு அழைத்துப் போனார்.

அங்கே நடுநாயகமாக, ஒரு பெரிய தொட்டியில், ஆள் உயரத்துக்குக் கறிவேப்பிலை மரம். குட்மேய்ஸில் பல வீடுகளில் கறிவேப்பிலை உண்டு. பெரும்பாலானவை மஞ்சள் பூத்து, குளிரில் நடுங்கி, நாலு இலையோடு நிற்கும். இது அப்படி இல்லை. கரும்பச்சையில் கிளைத்து நின்றது. நுனியெல்லாம் புதுத் தளிர்.

கௌசிக்கின் கை தானாக ஒரு இலையை நோக்கிப் போனது.

“தொடாதையும்,” என்றார் யோகலிங்கம்.

“மோந்துதான் பார்க்கிறேன் அங்கிள்.”

“அதுவும் வேண்டாம்.” பிறகு குரல் கனிந்தது. “பிள்ளை மாதிரி வளர்க்கிறன். இதுக்குக் குழாய்த் தண்ணி ஒரு சொட்டு விட மாட்டன். இங்கத்தைச் சுண்ணாம்புத் தண்ணி விட்டால் இலை மஞ்சளாப் போகும். மழைத் தண்ணி மட்டும்தான். வெளியில பீப்பா வச்சிருக்கிறன், பழைய போத்தலுகளில நிரப்பி வைப்பன்.”

ஜன்னல்கட்டின் கீழே காலிப் போத்தல்கள் வரிசையாகக் கிடந்தன. ஜூஸ் போத்தல், சோடா போத்தல், தண்ணீர்ப் போத்தல், எல்லாக் குடும்பமும் உண்டு. அஜந்தா கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போனாள். மழைநீர்ப் பீப்பாவைத் தட்டினாள். மேளம் மாதிரி வெறுமையாக ஒலித்தது. அதன் குழாய் வாயில் சிலந்தி ஒன்று வலை பின்னி, குடும்பத்தோடு குடியிருந்தது.

உள்ளே வந்தபோது பாலாம்பிகை தேநீர்த் தட்டோடு நின்றிருந்தார்.

“அண்ணை, மழை பெய்து கன நாளாச்சு என்ன?”

“அதை ஏன் கேக்கிறியள். புல்லெல்லாம் செத்துப்போச்சு.”

“ஆனால் உங்கட மரம் வடிவாத் தளிர்த்திருக்கு. பீப்பாவும் காய்ஞ்சு கிடக்கு. இதுக்கு எந்தத் தண்ணி விட்டனீங்கள்?”

“போத்தலில மிச்சம் இருந்ததுதான். கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொண்டு வந்தனான். போன கிழமை எல்லாம் முடிஞ்சுபோச்சு. என்ன செய்யிறது எண்டு யோசிச்சுக்கொண்டு வந்தால், இந்த ஜன்னல்கட்டில ஒரு போத்தல் முழுசா இருந்தது. நான் பாக்காமல் விட்டது போல.” யோகலிங்கம் சிரித்தார். “கடவுளே கொண்டுவந்து வச்ச மாதிரி.”

தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்து ஒலித்தன.

“என்ன நிற மூடி?” என்றாள் அஜந்தா.

“நீ…” என்று தொடங்கிய யோகலிங்கம் அங்கேயே நின்றுவிட்டார்.

அஜந்தா பாலாம்பிகையின் தட்டில் இருந்து ஒரு தேக்கரண்டியை எடுத்தாள். தொட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு, கறுத்த மண்ணின் மேற்பரப்பை மெல்ல வழித்தாள். தண்டுக்குப் பக்கத்தில், ஊற்றின தண்ணீர் குழிந்து நின்ற இடத்தில், கறுப்புக்குமேல் ஒரு மெல்லிய படலம். கரண்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள்.

இளஞ்சிவப்பு மணல்.

“டொக்டர் கொண்டுவந்த போத்தலுக்குள்ள இருந்தது,” என்றாள். “பொங்கலுக்குப் பிறகு நீங்கள் அதை மஞ்சள் துணியோடதான் கண்டனீங்கள், அண்ணை. துணி இல்லாமல் கண்டால் உங்களுக்கு அது மழைத் தண்ணிப் போத்தல்.”

யோகலிங்கம் மரத்தைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பிரம்பு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

“அங்கிள், உங்க வீட்டு ரசத்துல ஆயிரம் லிங்கத்து அபிஷேகம் இறங்கியிருக்கு,” என்றான் கௌசிக். “கும்பாபிஷேகம் இங்க ஏற்கனவே முடிஞ்சுது.”

“அந்தத் துணியைத் தோய்க்கிறதுக்காக நான்தான் அவிழ்த்தனான்.”

பாலாம்பிகையின் குரல் அது. தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“சாமான் எல்லாம் துடைக்கேக்க போத்தலை இதில வச்சனான். இதில எண்டால் ஒருத்தற்ற கையும் தட்டாது எண்டு. பின்னேரம் எடுக்க வந்தால் வெறும் போத்தல் கிடக்குது. இவர் மரத்துக்குப் பக்கத்தில நிண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார். சொன்னால் வீடு இரண்டாகும் எண்டு, குழாயில நிரப்பித் துணியைக் கட்டி வச்சிட்டன். கும்பாபிஷேகத்தில எத்தினையோ ஆத்துத் தண்ணியோட இதுவும் கலந்துபோகும், ஆருக்கும் தெரியாது எண்டு நினைச்சன்.” கணவர் பக்கம் திரும்பினார். “நேற்று நீங்கள் மணந்து பாத்தியள். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள போனை எடுத்து அந்த மனுசனைக் கள்ளன் எண்டு ஊருக்கே சொல்லிப்போட்டியள். பிறகு நான் என்னெண்டு சொல்ல? இரவு முழுக்க நித்திரை இல்லை. என்ர பிழைக்கு அவர் தலைகுனியிறார் எண்டு நினைக்க நினைக்க…”

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கோபக்காரர் என்று ஊரெல்லாம் பெயரெடுத்த யோகலிங்கம் என்ன செய்யப்போகிறார் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவர் எழுந்து, தேநீர்க் கோப்பை ஒன்றை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார்.

“குடியும். குடிச்சிட்டு வெளிக்கிடும். ரண்டு பேரும் போவம்.”

“எங்க?”

“டொக்டர் வீட்டை.”

*

ஓவியா கதவைத் திறந்தபோது வாசலில் நாலு பேர் நின்றார்கள். எதிரியைத் துப்பறிவாளர்களே கூட்டிக்கொண்டு வந்திருப்பதைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

உள்ளே யோகலிங்கம் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். வாட்ஸாப்பில் அத்தனை சரளமாகப் பேசியவருக்கு நேரில் சொல் வரவில்லை. கடைசியில் பாலாம்பிகைதான் முன்னால் வந்து, துணி தோய்த்ததில் இருந்து குழாயைத் திறந்தது வரை எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

முருகேசன் அசையாமல் கேட்டார்.

“கறிவேப்பிலைக்கா?” என்றார்.

“ஓம்.”

“முழு பாட்டிலுமா?”

“முழுக்க,” என்றார் யோகலிங்கம் தரையைப் பார்த்தபடி. “அண்டைக்கு நல்ல வெயில்.”

முருகேசனின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்து ஓவியா ஓடிவந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே வராமல் தொடங்கி, பிறகு சத்தமாகி, கண்ணில் நீர் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதலில் கௌசிக் கூடச் சேர்ந்தான். பிறகு பாலாம்பிகை, அழுத முகம் காயும் முன்னே. யோகலிங்கம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். முடியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் யோகலிங்கம் போனை எடுத்து, அதே குழுவில், எல்லோர் முன்னாலும் பேசிப் பதிவு செய்தார். “வணக்கம். செயலாளர் யோகலிங்கம் கதைக்கிறன். டொக்டர் முருகேசன் கொண்டுவந்தது அசல் ஆத்துத் தண்ணி. அதை நான் என்ர கறிவேப்பிலைக்கு ஊத்திப்போட்டன். டொக்டரைப் பற்றி நான் சொன்னது முழுப் பிழை. நாளைக்குக் கோயிலிலயும் இதையே சொல்லுவன். நேரில கேட்டுச் சிரிக்க விரும்புற ஆக்கள் வேளைக்கு வாங்கோ.”

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் போன் அதிர ஆரம்பித்து, மேசையில் நகர்ந்து நகர்ந்து விளிம்புவரை போனது. யாரும் எடுக்கவில்லை.

பாலாம்பிகை கோயில் ஐயருக்குத் தன் போனில் பேசினார். கரண்டியில் வழித்த மணலை ஒரு கடதாசியில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஐயர் எதிர்முனையில் கொஞ்சம் யோசித்தார். லிங்கம் செதுக்கின பாறையில் இருந்து வந்த மணல் என்றால் தண்ணீரைவிட அதுதான் விசேஷம், கழுவி எடுத்து வாருங்கள், கும்பத்தில் போடலாம் என்றார்.

“கும்பத்தை நீங்கள்தான் தூக்கோணும், டொக்டர்,” என்றார் யோகலிங்கம்.

“நான் திங்கக்கிழமை…” என்று முருகேசன் தொடங்கினார். ஓவியா அதற்குள் சூட்கேஸில் இருந்த சட்டைகளை வெளியே எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தாள். அவர் அதைப் பார்த்தார். தடுக்கவில்லை.

அஜந்தா பையைத் தோளில் மாட்டினாள். “அப்ப நாங்கள் வெளிக்கிடுறம்.”

அப்போதுதான் யோகலிங்கம் கேட்டார், கொஞ்சம் கூச்சத்தோடு, சின்னப் பிள்ளை கேட்பதுபோல. “டொக்டர், எப்பிடி இருந்தது? அந்த ஆறு.”

முருகேசன் இரண்டு கைகளையும் விரித்து அகலம் காட்டினார்.

“சின்ன ஆறுங்க. நம்ம ஹை ரோட் அகலம்கூட இல்ல. மேல ஏறி, மரத்தைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பார்க்கிறேன். தண்ணி மெல்லிசா, கண்ணாடி ஷீட் மாதிரி ஓடுது. அதுக்கு அடியில… இட்லித் தட்டைக் கவுத்து அடுக்கி வெச்ச மாதிரி, வரிசையா, வரிசையா. கண்ணு போற வரைக்கும் லிங்கம். ஒரு பாறையில பெருமாள் படுத்திருக்கார், அவர் மேலயும் தண்ணி போகுது. மந்திரம் இல்ல, மணி இல்ல, ஐயர் இல்ல. யாருமே இல்லாத காட்டுக்குள்ள, ராத்திரி பகல்னு பார்க்காம, அந்த ஆறு பாட்டுக்கு அபிஷேகம் பண்ணிட்டிருக்கு. நானும் அதுவும் மட்டும்தான். அப்புறம் நான் ஒண்ணு செஞ்சேன்.”

“என்ன செஞ்சீங்க அப்பா?”

“உங்கிட்டகூடச் சொல்லல. வெக்கமா இருந்துச்சு.”

கௌசிக் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தான். அஜந்தா பையைத் தோளில் இருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

“ஆடினேன்,” என்றார் முருகேசன்.

“என்னது?”

“லிங்கத்து மேல கால் படக்கூடாதுன்னு கீழ தள்ளி, வெறும் பாறையில, தண்ணிக்குள்ள நின்னு ஆடினேன். பேன்ட் எல்லாம் நனைஞ்சுபோச்சு, கல்லுக்கு இறங்கி வர்றதுக்குள்ள காய்ஞ்சுடுச்சு. எனக்கு ஆடத் தெரியாது. கல்யாணத்துலகூட ஆடினதில்ல. ஆனா அங்க நிக்க முடியல. முட்டி வலிக்குதுன்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.”

“எப்பிடி ஆடினீங்கள்?” என்று கேட்டார் பாலாம்பிகை.

முருகேசன் சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இடது காலை ஊன்றினார். பட்டை போட்ட வலது காலைக் கம்பளத்தில் இருந்து கொஞ்சமாக, ரொம்பக் கொஞ்சமாக உயர்த்தினார். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். யோகலிங்கத்தின் விரல்கள் மேசையில் தாளம் போட ஆரம்பித்தன. பாலாம்பிகை கையைத் தட்டினார். டாக்டர் இன்னொரு சுற்று சுற்றினார், இந்தமுறை வேகமாக, இலேசாகத் தடுமாறினார்.

“அப்பா, முட்டி,” என்று ஓவியா ஓடிவந்து அவரைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பற்றி அவளையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.